எந்தச் சோளம்?

வெண்கட்டி பிடித்த கை கரும்பலகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

சுவரோரம் இருந்த வெந்நீர்க் குழாய் சீறிக்கொண்டிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் எனக்கு முதுகில் வியர்த்தது. சேலைக்கு மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றவும் வழியில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஆபிரிக்காவுக்கு ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனத்தின் அம்மா. அவருக்கு ஒரு பக்கம் ஓய்வுபெற்ற கனடியப் பேராசிரியர். மறுபக்கம் மிஸ்டர் மொலெஃபே. இவர் பொட்ஸ்வானாவில் ஒரு விவசாயக் கல்லூரியைச் சேர்ந்தவர். அந்தக் கல்லூரிக்குத்தான் ஆள் எடுத்தார்கள். வறண்ட நிலப் பயிர்கள் பற்றிப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

நான் மாதிரிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போகிறது என்று எனக்கு நினைப்பு. மொலெஃபே பேனையை மேசையில் வைத்தார்.

"மேடம், பறவைகள் கூட்டமாக வந்து மெய்ஸ் வயலில் இறங்கும் என்றீர்கள். மெய்ஸ் பொத்தியை மடல் மூடியிருக்கும். இந்தப் பறவைகளுக்கு அதை உரித்துக் கொடுப்பது யார்?"

அவர் சிரிக்கவில்லை. பேராசிரியர் மட்டும் குனிந்து தன் காலணியைப் பார்த்தார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். எப்படி அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்றேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். அவசரப்படாதீர்கள், வருகிறேன்.

முட்டை உத்தியோகம்

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் என் கணவர் சிவஞானமும் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அவர் கட்டட வரைபடம் கீறுபவர். வந்த மூன்றாம் மாதமே வேலை கிடைத்துவிட்டது. கோடு எந்த நாட்டிலும் கோடுதான், அவருக்கு என்ன!

நான் பேராதனையில் விவசாயம் படித்தவள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் வெங்காயமும் மிளகாயும் பார்த்தவள். வெங்காயத் தாளில் கருகல் விழுந்தால் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன். ரொறன்ரோவில் அதை யாருக்குச் சொல்வது? போன இடமெல்லாம் "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கடைசியில் கிடைத்தது ஸ்காபரோவில் முட்டை தரம் பிரிக்கும் இடத்தில் வேலை.

இருட்டு அறை. கீழே விளக்கு எரியும். அதன் மேலே முட்டைகள் உருண்டு போகும். உள்ளே இரத்தப் பொட்டு இருக்கிறதா, ஓடு வெடித்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடவேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் முட்டை உருளும். முதலாளி நல்ல மனிதர். ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

ஆனால் என் கணவர், இவர் இருக்கிறாரே! யாராவது வீட்டுக்கு வந்து "மிஸிஸ் என்ன செய்யிறா?" என்று கேட்டால், "அவ விவசாயத்துறையிலைதான் இருக்கிறா" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் ரீயைக் கொண்டுவந்து வைக்கிற சத்தத்திலேயே அவருக்கு என் கோபம் விளங்கிவிடும்.

அந்த நிலையில்தான் நூலக அறிவிப்புப் பலகையில் நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். விவசாய விரிவுரையாளர், பொட்ஸ்வானா, இரண்டு வருடம். திருமணமானவர் என்றால் கணவரும் கூட வரலாம்.

இவரிடம் சொன்னேன்.

"ஆபிரிக்காவுக்கோ? நான் அங்கை போய் என்ன செய்யிறது?"

"அங்கையும் கட்டடம் கட்டுவினம்தானே?"

"மாட்டுக் கொட்டில் கீறச் சொல்லுவாங்கள்."

"நான் இஞ்சை முட்டை பாக்கேல்லையோ?"

 "சரி, முதல்ல கிடைக்கட்டும் பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் அது சம்மதம்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எப்படிச் சொல்ல? படித்தது மறந்துகொண்டு வந்தது. ஒருநாள் மிளகாய்க்கு வரும் இலைச்சுருள் நோயைப் பற்றி யோசித்தபோது, மருந்தின் பெயர் வாயில் வரவில்லை. அன்றைக்குக் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். இன்னும் இரண்டு வருடம் முட்டை பார்த்தால் நான் முட்டைக்காரிதான், வேறு ஒன்றும் இல்லை.

கீழ்த்தளத்து ஒப்பந்தம்

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் இடம் நிலத்துக்குக் கீழே. வரிசையாக மெஷின்கள், குளோரின் மணம், மூலையில் ஒரு நீள மேசை. அங்கேதான் அலமேலுவைச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பதைவிட மோதினேன் என்று சொல்லலாம். அவள் உடுப்புப் போட்டிருந்த உலர்த்தியை நான் திறந்து, அவளுடைய கணவரின் பெனியன்களைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அது எங்க ஊட்டுதுங்க" என்று ஒரு குரல்.

தமிழ்! நான் பெனியனோடு திரும்பினேன்.

அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் தமிழ் கேட்பது அபூர்வம். சப்வேயில் யாராவது தமிழ்முகமாகத் தெரிந்தால் ஒரு தரிப்பு கூடப் போய்ப் பேச்சுக் கொடுத்துவிட்டு வருவோம். இப்போது ஸ்காபரோவில் மீன்கடையில் நின்று தும்மினாலே நாலு பேர் "என்ன அன்ரி, தடிமனோ?" என்று கேட்கிறார்கள். அது வேறு காலம்.

அலமேலு கோயம்புத்தூர்க்காரி, என் வயதுதான். அவளும் விவசாயம் படித்தவள் என்று தெரிந்ததும் எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது. அவளுடைய கணவர் ராமநாதன் மண் இரசாயன நிபுணர். பொட்ஸ்வானாவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் நாலைந்து வருடம் இருந்தவர். அலமேலு பக்கத்தில் இருந்த கல்லூரியில் படிப்பித்தவள். நான் போக ஆசைப்பட்ட அதே கல்லூரி!

"அப்ப நீங்களே போகலாமே?" என்று கேட்டேன். கேட்கும்போதே எங்கே "ஆமா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"ஐயோ, அவரு ஆப்பிரிக்கா போதும்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாருங்க. இப்ப பெயின்ட் கம்பெனியில சந்தோசமா இருக்காரு. நீங்க போங்க. நான் எல்லாம் சொல்லித் தர்றேன்."

அப்படித்தான் பாடம் தொடங்கியது. சனிக்கிழமை காலை உடுப்பு மெஷினில் சுற்றும். நாங்கள் மேசையில் ஏறி உட்கார்ந்து பொட்ஸ்வானாவைப் பேசுவோம்.

அதில் ஒரு ஒப்பந்தம் வைத்தோம். வாரம் முழுக்க இங்கிலிஷ் பேசி நாக்குத் தடித்துப்போகிறது, கீழ்த்தளத்தில் தமிழ்தான். பயிர், நோய், உரம் எல்லாம் தமிழில்தான் சொல்லவேண்டும். மெஷினுக்கு மட்டும் விலக்கு. மீறி இங்கிலிஷ் பெயர் சொன்னவள் மற்றவளுடைய படுக்கை விரிப்புகளைத் தனியாக மடிக்கவேண்டும். பெரிய விரிப்பைத் தனியாக மடித்துப் பாருங்கள், நாக்குத் தானாக அடங்கிவிடும்.

எல்லாக் கோதாரிக்கும் அந்த ஒப்பந்தம்தான் காரணம்.

அலமேலு சொன்ன சோளம்

அலமேலு நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். ஆராய்ச்சி நிலையத்துக் கதைகளும் நடுவில் வரும். ஒருமுறை பத்துப் பன்னிரண்டு சோள ரகங்களைப் பாத்தி பாத்தியாகப் போட்டு, எது நல்ல விளைச்சல் என்று அளக்கக் காத்திருந்தார்களாம். அறுவடைக்கு முதல்நாள் வேலி பிரிந்து ஆடுகள் வந்துவிட்டன.

"ஆராய்ச்சி முடிவை ஆடு தின்னுருச்சுங்க. அவரு மூணு நாள் சோறு திங்கல. ஆனா ஒண்ணு, எந்த ரகம் நல்ல ரகம்னு ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு பாத்தியை மட்டும் தொடவே இல்ல."

"ஏன்?"

"அது பழுப்பு விதைங்க. கசப்பு. குருவியும் தொடாது. அங்க அதைப் போட்டு பீர் காய்ச்சுவாங்க. வெள்ளை விதைதான் கூழுக்கு."

சோளம்தான் அங்கே உயிர் என்றாள். மழை நின்றுவிட்டால் இலையைச் சுருட்டிக்கொண்டு சும்மா நிற்குமாம். செத்துவிட்டது என்று நினைப்போமாம். மறுபடி மழை விழுந்தால் ஒன்றும் நடக்காதமாதிரி வளருமாம். எனக்கு ஆச்சரியம். எனக்குத் தெரிந்த சோளம் பூக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அவ்வளவுதான், பொத்தியில் மணியே பிடிக்காது. ஆபிரிக்காவில் வேறு ரகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குருவி. சிவப்புச் சொண்டுக் குருவிகள் மேகம்போல வந்து இறங்குமாம். பால் பிடிக்கிற நேரத்தில் வயலுக்குள் பரண் கட்டி, தகரம் தட்டி விரட்டவேண்டுமாம்.

எனக்கு அங்கேதான் கொஞ்சம் இடித்தது. மடலுக்குள் இருக்கிற சோளத்தைக் குருவி எப்படித் தின்னும்?

"அலமேலு, குருவி எப்பிடிக் கொத்தும்?"

"எப்படின்னா? மூக்காலதான்!"

"இல்லை, எங்கை இருந்து கொத்தும்?"

"மேல உக்காந்துதாங்க. சொகுசா உக்காந்து திங்கும்."

பலமான சொண்டுபோல, மடலைக் கிழித்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன். வெங்காயக்காரிக்கு ஆபிரிக்கக் குருவியைப் பற்றி என்ன தெரியும்? அங்கே யானை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. குருவியும் அதற்கேற்றமாதிரித்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொன்னாள். "மக்காச்சோளத்தை மட்டும் அந்த வறண்ட பக்கம் போடச் சொல்லாதீங்க. மழை ஏமாத்துச்சுன்னா மொத்தமும் போச்சு."

மக்காச்சோளம் என்ற சொல்லை நான் வாழ்க்கையில் முதல்முறை கேட்கிறேன். மக்காவிலிருந்து வந்த ஏதோ அரபு இனம் என்று முடிவு கட்டினேன். இங்கிலிஷில் பெயர் என்ன என்று கேட்க வாய் வந்தது. அன்றைக்கு அவளிடம் இருந்தது நாலு பெரிய விரிப்பு. பேசாமல் இருந்துவிட்டேன்.

இங்கிலிஷும் திறம் இல்லை

தமிழைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். பேராதனையில் எங்களுக்கு ஒரு வெள்ளைக்கார விரிவுரையாளர் இருந்தார். ஒருமுறை சோதனையில் 'கோர்ன்' சேமிப்பைப் பற்றி எழுதச் சொன்னார். வகுப்பில் பாதிப்பேர், நான் உட்பட, அமெரிக்கப் புத்தகத்தில் படித்தபடி சோளப்பொத்தியைப் பற்றி எழுதினோம். மனுசனின் ஊரில் கோர்ன் என்றால் கோதுமையாம். பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு.

அன்றைக்கு விடுதியில் நாங்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. "தானியத்துக்கு ஒழுங்காய்ப் பேர் வைக்கத் தெரியாத சாதி எங்களை ஆண்டிருக்குது" என்றாள் என் அறைத் தோழி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மீண்டும் பலகைக்கு முன்னால்

அன்றைக்கு நேர்முகத்துக்குப் போனபோது எனக்கு நல்ல தைரியம். பல்கலைக்கழகப் பக்கம் ஒரு பழைய செங்கல் வீட்டில் அலுவலகம். அலமேலு சொன்னதையெல்லாம் மனதுக்குள் இங்கிலிஷில் மாற்றி வைத்திருந்தேன். சோளம் என்று அவள் சொன்ன இடமெல்லாம் நான் மெய்ஸ் என்று சொன்னேன். எனக்குச் சோளம் என்றால் அதுதானே? மஞ்சள் பொத்தி, அவித்து உப்புப் போட்டுக் கடிக்கிற சாமான்.

மெய்ஸ் வறட்சியில் தூங்கும் என்றேன். பேராசிரியர் நிமிர்ந்தார். பழுப்பு மெய்ஸ் கசக்கும், அதில் பீர் காய்ச்சலாம் என்றேன். நிறுவனத்து அம்மா மும்முரமாக எழுதினார். "அரேபிய மெய்ஸ் என்று ஒன்று உண்டு, அதை மட்டும் வறண்ட பகுதியில் போடக்கூடாது" என்றும் சொன்னேன். சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. பேராசிரியர் "அரேபிய மெய்ஸ்" என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அப்போதுதான் மொலெஃபே அந்தக் கேள்வியைக் கேட்டார். பறவைக்கு மடலை உரித்துக் கொடுப்பது யார்?

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பலமான சொண்டு என்று சொல்லியிருந்தால் அந்த அறையே சிரித்திருக்கும். என் வாயில் வந்தது உண்மை.

"எனக்கும் அதுதான் விளங்கவில்லை" என்றேன்.

சொன்னவுடனே அலமேலுவின் குரல் காதில் விழுந்தது. மேல உக்காந்துதாங்க. மேலே! எந்தத் தானியத்துக்குக் கதிர் செடியின் உச்சியில் திறந்தபடி இருக்கும்? வெள்ளை விதை, பழுப்பு விதை. கூழ். வறட்சியில் தூங்கும். அட கறுமமே, இது இறுங்கு!

வெண்கட்டியால் பலகையில் கீறினேன். நீளத் தண்டு, இரு பக்கமும் இலை, உச்சியில் குஞ்சம்போல் ஒரு கதிர்.

"இதுவா?" என்று மொலெஃபேயைக் கேட்டேன்.

"அதுதான். ஸோர்கம். நாங்கள் மபெலே என்போம்."

"அப்படியானால் நான் இவ்வளவு நேரமும் சொன்னது இதைப் பற்றித்தான். மெய்ஸ் என்ற இடத்தில் ஸோர்கம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அரேபிய மெய்ஸ் என்றதுதான் மெய்ஸ்."

பிறகு விளக்கினேன். எனக்கு இதைச் சொல்லித் தந்த சிநேகிதியும் நானும் ஒரே மொழி பேசுகிறோம். அவளுடைய ஊரில் ஸோர்கத்துக்குச் சோளம் என்று பெயர், மெய்ஸுக்கு மக்காச்சோளம். கடலுக்கு மறுபக்கம், இலங்கையில், எங்கள் ஊரில் மெய்ஸ்தான் சோளம், ஸோர்கத்துக்கு இறுங்கு. அவள் அவளுடைய சோளத்தைச் சொன்னாள், நான் என்னுடைய சோளத்தைக் கேட்டேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நிறுவனத்து அம்மா எழுதியதையெல்லாம் வெட்டத் தொடங்கினார். மொலெஃபே மட்டும் சிரிக்கவில்லை.

"என் அம்மாவின் வயலுக்கு ஒரு விவசாய அதிகாரி வந்தார்" என்றார். "மபெலேயை விட்டுவிட்டு மெய்ஸ் போடுங்கள், அதுதான் முன்னேற்றம் என்றார். அவருக்கு இரண்டின் பெயரும் நன்றாகத் தெரியும். அம்மா அவர் சொன்னபடி செய்தார். அடுத்த வருடம் மழை இல்லை. நாங்கள் கடன் வாங்கிச் சாப்பிட்டோம்."

 பிறகு அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தந்தவர் எங்கே கற்றார்?" என்று கேட்டார்.

"உங்கள் கல்லூரியில்தான், அங்கே படிப்பித்தபோது."

"பெயர் என்ன?"

சொன்னேன். "நான் சேரும்போது அவர் போய்விட்டார். அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தன் தாளில் எதையோ எழுதினார்.

அவர் எழுதியது அலமேலுவின் பெயர் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சோப்புத்தூளில் ஒரு படம்

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். அலமேலு அங்கே நின்றாள்.

"அலமேலு, சோளம் எண்டால் என்ன?"

"என்னங்க இது கேள்வி?"

"கீறிக் காட்டுங்கோ."

மெஷின் மூடியில் கொட்டிக் கிடந்த சோப்புத்தூளில் விரலால் கீறினாள். தண்டு, இலை, உச்சியில் குஞ்சம். நான் பக்கத்தில் என்னுடைய சோளத்தைக் கீறினேன். மடலோடு பொத்தி. நேர்முகத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு "அட கடவுளே, மக்காச்சோளத்தையா குருவி கொத்துதுன்னு சொன்னீங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரேபிய மெய்ஸைச் சொன்னபோது தரையிலேயே சாய்ந்தாள். அந்தப் பக்கம் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் தாதி பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

நானும் சிரித்தேன். எப்படியும் வேலை கிடைக்கும் என்ற எண்ணத்தில் வந்த சிரிப்பு அது. பிழையை நானே பிடித்துத் திருத்தினேன் அல்லவா?

வயிற்றெரிச்சல்

ஒரு வாரம் கழித்து நிறுவனத்து அம்மா தொலைபேசியில் பேசினார். மிக மரியாதையாகப் பேசினார். என்னைச் சந்தித்ததில் மிகுந்த மகிழ்ச்சியாம். ஆனால் அந்த நிலத்தில் அனுபவம் உள்ள ஒருவரைக் கேட்க முடிவு செய்திருக்கிறார்களாம். அந்த ஒருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. அன்று பின்னேரமே அலமேலு கதவைத் தட்டினாள். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"மனோ, என்னைக் கூப்பிடறாங்க" என்றாள். "நான் கேக்கவே இல்லீங்க. சத்தியமா."

"நல்லது" என்றேன். "சந்தோசம்."

சந்தோசமாம்! கதவைச் சாத்திவிட்டுப் போய் அரிசி கழுவினேன். கழுவிக் கழுவி அரிசியே வெளுத்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அவளை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மொலெஃபேயையும் பிடிக்கவில்லை. அவள் பெயரைச் சொன்ன என் வாயை அதைவிடப் பிடிக்கவில்லை. தட்டில் வைத்து நானே கொடுத்தமாதிரி ஆகிவிட்டது.

 சாப்பிட்டு முடிந்ததும் இவர் வழக்கத்துக்கு மாறாகத் தன் கோப்பையைத் தானே கழுவினார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

நான் உடுப்புத் தோய்க்கும் நாளைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன். இரண்டு மூன்று வாரம் அலமேலுவின் கண்ணில் படவில்லை. லிஃப்டில் அவளுடைய சாம்பார் மணம் வந்தால் படியில் ஏறுவேன். எட்டாம் மாடி!

ஒரு செவ்வாய்க்கிழமை கீழ்த்தளத்துக்குப் போனால், உடுப்பே இல்லாமல் வெறும் கையோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளுங்க இப்படி ஒளிஞ்சு விளையாடறது?" என்றாள்.

"எனக்கு வேலை இருந்தது."

"நான் வரலைன்னு சொல்லிடப் போறேன். அது உங்க இடம். உங்க இடத்துல போய் நான் உக்காந்தா எனக்குச் சோறு இறங்காது. அவருக்கும் இஷ்டம் இல்ல."

இதைக் கேட்டால் எனக்கு மனம் குளிர்ந்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாகக் கோபம் தலைக்கு ஏறியது.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். "நீங்கள் வரேல்லை எண்டு சொன்னால் அவங்கள் என்னைக் கூப்பிடப்போறாங்களோ? மூண்டாவதா ஒருத்தனைப் பிடிப்பாங்கள். அவன் அங்கை போய், இறுங்கைப் பிடுங்கிப்போட்டு மெய்ஸ் போடுங்கோ எண்டு படிப்பிப்பான். பிறகு ஆரின்ரையோ அம்மா கடன் வாங்கிச் சாப்பிடவேணும். எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை, அந்தச் சனத்துக்கும் இல்லை. ஆருக்கு லாபம்?"

அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு இரக்கம் காட்டவேண்டாம், அலமேலு. எனக்கு எரியுதுதான். ஓம், நல்லா எரியுது. அது என்ரை பாடு. நீங்கள் போங்கோ."

"அவரு?"

"அவர் பெயின்ட் அடிச்சுக்கொண்டு இருக்கட்டும். தோசை சுடத் தெரியும்தானே?"

"கல்லு எங்க இருக்குன்னே தெரியாதுங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மெஷின் நின்றது. என்னுடைய பெரிய விரிப்பை எடுத்தேன். அவள் எழுந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மடித்தோம்.

ஒரு ஞாயிறு காலை

வசந்தம் தொடங்கும்போது அலமேலு போனாள். ராமநாதன் அடுத்த பனிக்காலத்தின் பாதிவரை வீம்புக்குத் தாக்குப்பிடித்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, "ஆப்பிரிக்காவில் வெயிலாவது இருக்குதுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த மாதமே விமானம் ஏறிவிட்டார். அவருடைய தோசைக்கல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் அடி முழுக்கக் கரி.

நான் முட்டை பார்த்தேன். கனடிய அனுபவம் நிறையச் சேர்ந்தது. விருந்தாளிகள் வந்தால் இவர் இப்போது "அவ முட்டைக் கொம்பனியிலை" என்று நேராகவே சொன்னார். பகிடியை விட்டுவிட்டார். எனக்குப் பழைய பகிடியே தேவலை போலிருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இவர் சமையலறையில் ரீ போட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு அழைப்பு என்றாள் இணைப்புக் கொடுக்கிற பெண். ஒரே இரைச்சல். நான் சொன்னது எனக்கே திரும்பி வந்தது. அதற்குள் எங்கேயோ தூரத்தில், "ஏனுங்க!" என்று ஒரு குரல்.

"அலமேலு! சுகமோ?"

"சுகமுங்க. சுருக்காச் சொல்றேன், லைன் கட்டாயிரும். இங்க ஆத்தோரப் பக்கம் புதுசா நிலம் எடுத்திருக்காங்க. தண்ணி இருக்கு. சோளத்துக்கு இன்னொரு ஆள் வேணுமாம். மொலெஃபே உங்களைக் கேக்கச் சொன்னாரு. நேர்முகமெல்லாம் வேண்டாமாம், அதான் ஒருதடவை பார்த்தாச்சேன்னாரு."

 ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெளிநாட்டு அழைப்பில் அழுவது வீண் செலவு. அதனால் முதலில் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"எந்தச் சோளம்?"

 அவள் சிரித்தாள். சோப்புத்தூளுக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்து சிரித்த அதே சிரிப்பு.

"உங்க சோளந்தாங்க, மனோ. உங்க சோளம்."

"வாறன்" என்றேன்.

"எங்கை?" என்று சமையலறையிலிருந்து இவர் கேட்டார்.